பின் சீட்டுப் பிள்ளை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. வேலி வெட்டும் கத்தரியைப் பிடித்துப் பழகிய விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. வாசிக்கிறவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். விசயத்தைத் திருத்த வேண்டாம். அதைத் திருத்தித் திருத்தித்தான் இப்போது வேறொரு கதையாக ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் நோர்வூட்டில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் அவளைப் பற்றிப் பேச்செடுத்தார். "தொர வீட்டுப் புள்ளைக்குச் சூனியம் வச்சாளே ஒருத்தி, ஞாபகம் இருக்கா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. ரசம் வரும் முன்பே எழுந்து கை கழுவிவிட்டேன். அவள் சூனியம் வைக்கவில்லை. அவள் செய்தது சூனியத்தை விடப் பொல்லாதது, ஆனால் சூனியம் இல்லை. அருகில் இருந்து பார்த்தவன் நான். தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் தோட்டக்காரனாக இருந்தேன்.

அவளுடைய பெயரை எழுத மாட்டேன். எழுதலாமா என்று கேட்க ஆள் பக்கத்தில் இல்லை. உடப்புசல்லாவைப் பக்கம் தங்கையோடு இருக்கிறாள் என்று மட்டும் கேள்வி.

ஒல்லியான பெண். குளிருக்குத் தலையில் ஒரு பழுப்புச் சால்வையைச் சுற்றியிருப்பாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்திக்கும் ஒருத்திக்கும் சண்டை என்றால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது தொடங்குவது கோயில் வாசல் வரை கேட்கும். அவள் வாயிலிருந்து ஒருநாளும் அப்படிச் சத்தம் வந்ததில்லை. யார் என்ன சொன்னாலும் ஒரே பதில்தான். "இருக்கட்டும்ங்க." வெளியாள் கேட்டால் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வான். எங்களுக்குத் தெரியும். அவள் இருக்கட்டும் என்றால் போகட்டும் என்று அர்த்தமில்லை. எடுத்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அவள் கொழுந்து எடுக்கப் போன காலத்தில், மலையில் பெண்களிடம் பல்லைக் காட்டுகிற ஒரு கங்காணி இருந்தார். ஒருநாள் அவளிடம், "ஒன் கை என்னா புள்ள கொழுந்து மாதிரியே இருக்கு. கொஞ்சம் நீட்டு, பாப்போம்" என்றார். அவள் கூடைக் கயிற்றைச் சரி செய்துகொண்டு "இருக்கட்டும்ங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் எல்லாரும் வேலை பிரிக்க நிற்கிறோம். கங்காணியின் மனைவியும் வரிசையில் நிற்கிறார். இவள் நேராக முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கங்காணி ஐயா, நேத்து கைய நீட்டச் சொன்னீங்களே. வேல நேரத்துல முடியல. இப்பப் பாருங்க."

"என்ன புள்ள ஒளறுற? நான் எப்ப..."

"கொழுந்து மாதிரி இருக்குன்னீங்களே. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அக்கா, நீங்களும் கொஞ்சம் வந்து பாருங்க."

அந்த அக்கா வந்தார். அவர் பார்த்தது கையை அல்ல, புருசனை. அதற்குப் பிறகு கங்காணிக்கு லயத்தில் 'ஜோசியர்' என்று பெயர். அவர் பென்சன் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

இன்னொன்று. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி, கொஞ்சம் வாய் நீளம். பீலியில் இவளுடைய குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, "ஒங்க தயவுலயா நான் பொழைக்கிறேன்? எனக்கு ஒருத்தரும் வேணாம்டீ" என்றாள். "இருக்கட்டும்ங்க" என்று இவள் குடத்தை நிமிர்த்தி வைத்தாள். பல மாதம் கழித்து அந்த வாய் நீளத்தின் மகள் பெரியவளானாள். சடங்குக்கு முதல் நாள் இவள் லயம் லயமாகப் போனாள். "நாளைக்கு ஒத்தாசைக்குப் போயிராதீங்கக்கா. அவங்களுக்கு ஒருத்தரும் வேணாமாம். அவங்களே சொன்னாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் அந்த அம்மா ஊறிய அரிசியோடும் வெட்டாத காயோடும் தனியாக நின்று அழுதாள். பிறகு இவளே முதல் ஆளாகப் போய் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். அதுதான் அந்த அம்மாவுக்கு ரொம்ப வலித்திருக்கும்.

புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். ஒரு தீபாவளிக்கு வந்தான், அடுத்த தீபாவளிக்கு வரவில்லை. "என்னா ஆனான் ஒம் புருசன்?" என்று யாராவது கேட்டால் அவனுக்கும் அதே பதில். அவனை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவள் தன் கையிலிருந்து ஒன்றையும் போட மாட்டாள். அவரவர் சொன்னதை அவரவரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதனால் யாரும் அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

பங்களாவுக்குப் புதுத் துரை வந்தபோது பிள்ளை பார்க்க ஆள் கேட்டார்கள். அவள் போனாள். துரையின் மனைவி, துரைசாணி, கொழும்புக்காரர், சிங்களவர். (மரியாதை கொடுத்துத்தான் எழுதுகிறேன். பழக்கதோசம்.) மலைக்குப் புதிது. அட்டைக்குப் பயம், மூடுபனிக்குப் பயம், லயத்துப் பேனுக்கு எல்லாவற்றையும் விடப் பயம். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் மூன்று வயது தாண்டியவன். சின்னவன் கைக்குழந்தை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தது நாலு வயது மகள், அடுத்தது துரைசாணியின் சின்னவன் வயதில் ஒரு மகன். இரண்டு பேரையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அங்கே பிள்ளை பார்க்கும் அம்மாவிடம் விட்டுவிட்டு மேலே ஏறி வருவாள்.

துரைசாணியின் அக்கா வெளிநாட்டிலிருந்து ஒரு தள்ளுவண்டி அனுப்பியிருந்தார். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு சீட். நாங்கள் அதை ரயில் வண்டி என்போம். முன் சீட்டில் பெரியவன் ரோட்டைப் பார்த்து உட்காருவான். பின் சீட்டுக் கொஞ்சம் படுத்த மாதிரி, தள்ளுகிறவரைப் பார்த்தபடி இருக்கும். சின்னவன் அதில். ஆகவே பெரியவன் காண்பது தேயிலை, சின்னவன் காண்பது அவள் முகம்.

சமதரையில் அது பூப்போலப் போகும். எங்கள் ரோட்டில் பெரிய பாடு. வளைவில் திருப்ப வேண்டுமென்றால் கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். இறக்கத்தில் இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு சீலைத் துண்டால் கைப்பிடியைத் தன் மணிக்கட்டோடு கட்டிக்கொள்வாள். ஏற்றத்தில்தான் ஆபத்து. கைப்பிடியில் பால் போத்தல் பையும் குடையும் தொங்கும். முன் சீட்டில் பாரம் இல்லாவிட்டால் வண்டி முன்னங்காலைத் தூக்கிப் பின்னால் சாய்ந்துவிடும். பெரியவன் குதித்து இறங்கும் போதெல்லாம் அவள் வயிற்றால் முட்டுக் கொடுத்து நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த அந்த நாளிலும் அப்படித்தான் நடந்தது. பக்டரி வளைவில் பெரியவன் நடந்துதான் வருவேன் என்று அடம்பிடித்து இறங்கிவிட்டான். மேலே ஏற்றம். பிள்ளைக் காம்பரா வாசலில் அவளுடைய மகள் நின்றாள். அம்மாவைக் கண்டதும் ஓடி வந்தாள். இவள் மகளைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். பின்னால் துரைசாணியின் கார் வந்தது. மெதுவாக வந்து, பார்த்துவிட்டு, முந்திக்கொண்டு போனது.

பங்களா முற்றத்தில் துரைசாணி காத்திருந்தார். நான் முற்றத்து ஓரத்தில் சருகு கூட்டி எரித்துக்கொண்டிருந்தேன். முதலில் முன் சீட்டுத் துணியைக் கழற்றி டெட்டோல் தண்ணீரில் போடச் சொன்னார். சமையல்கார அப்பு போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, வேண்டாம், எடுத்து நெருப்பில் போடு என்றார். அப்புவும் சிங்களவர்தான். "ஐயோ நோனா, நல்ல துணி, கழுவினால் போதும்" என்று கெஞ்சுகிற மாதிரிச் சொல்லிப் பார்த்தார். துரைசாணி கேட்கவில்லை. பேன் என்று ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. ஈரத் துணி புகைந்து புகைந்து எரிந்தது.

அந்தச் சின்னப் பெண் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நான் அதுல ஒண்ணுக்குப் போகலயே. ஏன் எரிக்கிறாங்க?"

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். துரைசாணியைப் பார்த்து, "இருக்கட்டும்ங்க" என்றாள். துரைசாணிக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். அடங்கிப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டிருப்பார். நான் குனிந்து வாரியால் சருகைத் தள்ளினேன். பொய் சொல்லக் கூடாது, பயத்தோடு கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. அந்தப் பங்களாவில் என்னையும் வருசக்கணக்காக 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதன் பிறகு அவள் முன்பை விட நன்றாக வேலை செய்தாள். முன் சீட்டுக்குப் பால் நிறத்தில் புதுத் துணி வந்தது. அதில் ஒரு கறை படவிடமாட்டாள். மகளை ரோட்டில் கண்டாலும் பார்க்காத மாதிரிப் போவாள். அந்தப் பிள்ளை ஓரத்தில் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் மூத்தவன் விருந்தாளிகள் முன்னால், "ஏ புள்ள, இங்கிட்டு வா, சோறு வையி" என்று அப்புவைக் கூப்பிட்டான். எங்கள் லயத்துத் தமிழ், இழுப்பு மாறாமல். விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். துரைசாணிக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று மாலை அவளைக் கூப்பிட்டு, இனிமேல் பிள்ளைகளோடு தமிழ் பேசவே கூடாது என்றார். சின்னவனுக்குப் பேச்சு வருகிற பருவம். அவனுக்கு ஒரே ஒரு சொல் சொல்லிக்கொடுத்தால் போதும். அம்மா. வேறு ஒன்றும் வேண்டாம் என்றார்.

சிங்களத்திலும் அம்மா அம்மாதான், தமிழிலும் அம்மா அம்மாதான். துரைசாணிக்கு அதில் ஒரு ஆபத்தும் தெரியவில்லை.

"சரிங்க. அத மட்டும் சொல்லிக் குடுக்குறேங்க" என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து நான் வேலி வெட்டும்போது அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். வேறு பேச்சே கிடையாது. கிலுகிலுப்பையைச் சின்னவனுக்குக் காட்டுவாள், கொடுக்கமாட்டாள். "அம்மா" என்று தன் நெஞ்சைத் தொடுவாள். பிறகு கொடுப்பாள். பால் போத்தலையும் அப்படித்தான் கொடுப்பாள். வண்டியின் மழை மூடியை இழுத்து விட்டு அதன் பின்னால் மறைவாள், மூடியைத் தூக்கிச் சிரித்து, "அம்மா" என்று மறுபடியும் நெஞ்சைத் தொடுவாள். பங்களா வாசல் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வேலியோரமாகக் கேட்டேன்.

"என்ன தங்கச்சி, இது நல்லாவா இருக்கு?"

"என்னண்ணே நல்லால்ல? அம்மான்னு சொல்லிக் குடுக்கச் சொன்னாங்க. யாருன்னு காட்டச் சொல்லலயே."

"அந்தப் புள்ள ஒன்னயவே பெத்தவன்னு நெனச்சிக்கும்."

"நெனச்சிக்கிட்டும். ஒண்ணு தெரியுமாண்ணே, இது வரைக்கும் அதுக்கு ஒரு முத்தம் குடுத்ததில்ல. வார்த்த மட்டுந்தான்."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அன்று நான் வேலியைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

சின்னவன் முதன்முதலாக 'அம்மா' சொன்னபோது துரைசாணி அவனைக் கையில் வைத்திருந்தார். சந்தோசத்தில் கொழும்புக்குப் போன் போட்டார். பிள்ளை பார்த்தது அவர் தோளுக்குப் பின்னால் நின்றவளை. நானும் அப்புவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினோம்.

பிறகு சின்னவனின் முதலாவது பிறந்தநாள் வந்தது. புல்தரையில் மேசை, வேலியெல்லாம் பலூன். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார், துரைசாணிமார், பிள்ளைகள். கேக் வெட்டின பிறகு துரைசாணி சின்னவனைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார். ஒருவர் போனில் வீடியோ பிடித்தார். "கியன்ன புத்தே, அம்மா!" என்றார். சொல்லு மகனே, அம்மா.

சின்னவன் சுற்றிப் பார்த்தான். புல்தரை ஓரத்தில் வண்டியின் கைப்பிடியில் ஒரு கை. அந்தக் கையைக் கண்டுகொண்டான். இரண்டு கையையும் நீட்டி, உடம்பை வளைத்து, "அம்மா!" என்று கத்தினான். துரைசாணி சிரித்துக்கொண்டு அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். அவன் அவருடைய கன்னத்தைத் தள்ளினான். "அம்மா! அம்மா!" என்று வண்டிப் பக்கமே பாய்ந்தான்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. ஒரு வயதான துரைசாணி தரையைப் பார்த்துக்கொண்டார். மூத்தவன் கேக்கை மென்றுகொண்டே வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னான். "ஏ மல்லிகெ அம்மா." அது தம்பியுடைய அம்மா.

வீடியோ பிடித்தவர் போனை இறக்கினார்.

அன்று மாலையே அவளை நிறுத்திவிட்டார்கள். "என்ன செய்தாய் என் பிள்ளைக்கு?" என்று துரைசாணி கத்தினார். "நீங்க சொல்லச் சொன்னதத்தாங்க சொல்லிக் குடுத்தேன்" என்றாள். சால்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சில நாள் பங்களாவில் சின்னவனின் அழுகை தவிர வேறு சத்தம் இல்லை. பால் குடிக்கவில்லை, தூங்கவில்லை. டொக்டர் வந்து பார்த்து நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். நூல் கட்டினார்கள். சூனியக் கதை அப்போதுதான் யாரோ கிளப்பியது. துரைசாணி தானே வண்டியில் வைத்து முற்றத்தில் தள்ளிப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து பார்த்த முகம் மாறியிருந்தது. அவன் இன்னும் கத்தினான். கைப்பிடியில் தலையைச் சாய்த்து அவர் அழுததை நான் பார்த்தேன். பெற்றவள்தானே. ஆனால் அந்தத் துணி எரிந்த இடம் அவருக்குப் பின்னால் கறுப்பாகவே இருந்தது. எனக்கு இரக்கம் வர மறுத்துவிட்டது.

துரையும் மூத்தவனும் கண்டிக்குப் போயிருந்த ஒரு பகலில் துரைசாணி என்னைக் கூப்பிட்டார். லயத்துக்கு வழி காட்டச் சொன்னார். கார் வேண்டாம் என்றார். சின்னவனைப் பின் சீட்டில் வைத்து அவரே தள்ளினார். இறக்கத்தில் வண்டி இழுத்த இழுப்பில் அவருடைய வெள்ளைச் சப்பாத்து சேற்றில் வழுக்கியது. நான் முன்னால் நின்று சக்கரத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டே இறங்கினேன்.

லயத்து வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "ஏ, தொரசாணி நடந்து வாறாங்கடோய்!" என்று யாரோ கத்த, ஒருத்தி ஓடிப்போய் முக்காலி கொண்டுவந்து துடைத்து வைத்தாள். துரைசாணி உட்காரவில்லை.

அவள் வாசற்படியில் மகளை மடிக்கு நேராக உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகன் பக்கத்தில் சாக்கில் தவழ்ந்தான். வண்டியைக் கண்டதும் சின்னவன் "அம்மா!" என்றான். அவள் தேய்த்த கையை நிறுத்தவில்லை.

துரைசாணி தமிழில் பேசினார். அவர் தமிழில் முழு வசனம் பேசி நான் கேட்டதில்லை.

"வாங்க. புள்ள சாப்புட இல்ல. தூங்க இல்ல. நான் பிழை செஞ்சது. வாங்க."

அவள் எண்ணெய்க் கையைத் தன் சீலையில் துடைத்தாள். மகளை எழுப்பினாள். எண்ணெய் வடிகிற தலையோடு, சீப்புப் படாத முடியோடு, அப்படியே தூக்கி அந்தப் பால் நிறத் துணி மேல் உட்காரவைத்தாள்.

"முன்னால பாரம் இல்லாட்டி ஏத்தத்துல பின்னால சாயுங்க" என்றாள். "நீங்களே தள்ளுங்க. ஏங் கையில எம் மகன் இருக்கான்."

துரைசாணி ஒரு நிமிசம் அந்தத் தலையைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்தார்.

அப்படித்தான் நாங்கள் மேலே ஏறினோம். முன் சீட்டில் அந்தச் சின்னப் பெண் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். துரைசாணி மூச்சு வாங்கத் தள்ளினார். அவள் மகனை இடுப்பில் வைத்துக் ரோட்டோரத் தண்ணீர்க் கானை ஒட்டி நடந்தாள். மேல் மலையில் கொழுந்து எடுத்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். இந்த ரோட்டை வெட்டின நாளிலிருந்து இப்படி ஒன்று அதில் போயிருக்காது என்று நினைத்தேன்.

பின் சீட்டில் சின்னவன் பக்கவாட்டில் தொங்கி, அவளை நோக்கிக் கையை நீட்டி நீட்டி அழுதான். ஒரு எட்டு வைத்தால் தொடலாம். குரல் கம்மிப் போய், சொல் வராமல், வாயை மட்டும் திறந்து மூடினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பக்டரி வளைவு வந்தது. அப்போதும் திரும்பவில்லை. குலவை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை ஏங்குகிற சத்தமும் சக்கரத்தின் கீழ் கல் நெரிகிற சத்தமும்தான்.

நான் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன்.

"போதும் தங்கச்சி. ஒரு தடவ அந்தக் கையத் தொடு. அந்தச் சின்னது என்ன செஞ்சிச்சி?"

அவள் மகனை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணும் செய்யல" என்றாள். "எம் மக என்னண்ணே செஞ்சா?"

வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.